சிலிண்டரில் எழுதிய தேதி

கத்தரீனாள் காலைக் கஞ்சியில் கை வைத்திருந்தபோது சிவசங்கரி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிவாசல் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலையில் போடும் மேல்சட்டையைக்கூட அவள் கழற்றவில்லை. இரண்டு நாள் அழுததில் குரல் கட்டிப்போயிருந்தது.

"அம்மா, எம் புருஷன ரெண்டு மணிக்கு தேவிகுளம் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாகளாம். செல்லத்துரை அண்ணன் பொழைக்கலைன்னா கேஸு இன்னும் பெருசாயிருமாம். உங்களை விட்டா எனக்கு நாதியில்ல."

கத்தரீனாள் முப்பது ஆண்டுகள் தீ விபத்துகளை ஆராய்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதியவர். ஓய்வுபெற்ற பின்னும் ஊர்க்காரர்கள் தேடி வந்தார்கள். அவருக்கு ஜீப் ஓட்டும் ஜெகனுக்கு நாற்பது வயது. துப்பு என்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவான்.

"உக்காரு. மொதல்லயிருந்து சொல்லு," என்றார் கத்தரீனாள்.

சிவசங்கரி சொன்னாள். அவள் கணவன் பாண்டித்துரை, கோகுல்நாத் என்பவரின் கேரவனுக்கு ஓட்டுநர். படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வண்டி சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றும். அதிலிருந்த இரண்டு கேஸ் சிலிண்டர்களுக்கும் பரிசோதனைத் தேதி எப்போதோ முடிந்திருந்தது. திங்கட்கிழமை அதைக் கவனித்த பாண்டித்துரை, மாற்றாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். புதன்கிழமை வேறோர் ஓட்டுநரோடு கேரவன் போனது. மலைமேல் ஓரிடத்தில் நிறுத்தி, சமையல்காரர் செல்லத்துரை டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். சிலிண்டர் வாயில் கசிந்த வாயு தீப்பிடித்துக்கொண்டது. வெளியே நின்ற பயணிகள் தப்பினார்கள். செல்லத்துரை கோட்டயம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"மொதலாளி புதுசு ரெண்டு வாங்கி இவுக கையில குடுத்தாராம். இவுக அத வித்துட்டு, பழசுல புதுத் தேதி எழுதி மாட்டிட்டாகளாம். பயந்துதான் டிரிப்புக்குப் போகலையாம். செல்லத்துரை அண்ணன் பொஞ்சாதி ராமலட்சுமி எனக்குப் பக்கத்து வீடு. நேத்து எங்க வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போச்சு."

"அந்தப் புது டிரைவர்தான் அக்கா!" என்றான் ஜெகன்.

"ஒரு நாள் ஓட்ட வந்தவனுக்கு அதுல என்ன லாபம்?" கத்தரீனாள் சிவசங்கரியிடம் திரும்பினார். "பாண்டித்துரை முன்னால என்ன வேலை பாத்தான்?"

"கேஸ் ஏஜென்சில எட்டு வருஷம் சிலிண்டர் ஏத்தி எறக்குனாக."

கத்தரீனாள் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். "வண்டிய எடு, ஜெகன்."

போலீஸ் ஸ்டேஷன் பின்கட்டில் எஸ்.ஐ. தார்ப்பாயை விலக்கி, எரிந்த சிலிண்டரைக் காட்டினார். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில், வெள்ளைப் பெயிண்டில் 'எஃப் 28' என்று எழுதியிருந்தது. சூட்டில் பெயிண்ட் உரிந்த இடத்தில் பழைய கறுப்பு எழுத்து தெரிந்தது: சி 19.

"28ன்னா 2028ஆம் வருஷமாக்கும். எஃப் ஏதோ கம்பெனி அடையாளமாயிருக்கும்," என்றார் எஸ்.ஐ. "வேற யாருக்கும் காட்டல. எழுதியிருக்குறத யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

எஸ்.ஐ.யின் அறைக்குத் திரும்பியபோது கேரவன் முதலாளி கோகுல்நாத் அங்கே காத்திருந்தார். அவரைக் கண்டதும் சிவசங்கரி சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். மணி பன்னிரண்டரை.

"அந்த சிலிண்டர்களை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் கத்தரீனாள்.

"இல்லீங்கம்மா. புதுச பாண்டித்துரை கையில குடுத்துப்போட்டு, திங்கக்கிழமையே வேலந்தாவளம் ஊட்டுக்குப் போயிட்டனுங்க. தீப்புடிச்ச பொறகுதான் வந்தனுங்க. இங்கயும் ஆரும் காட்டலீங்க."

"பாவம், நல்லா ஏமாத்தியிருக்கான்."

"ஆமாங்கம்மா! செத்த சிலிண்டருக்கு பிப்ரவரி வரைக்கும் ஆயுசு இருக்குதுன்னு எழுதி வெச்சிருக்கறான் பாருங்க!"

எஸ்.ஐ. நிமிர்ந்தார். ஜெகன் வாயெடுத்தான். கத்தரீனாள் கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

"சார், அதுல பிப்ரவரின்னு எங்கயாவது இருந்துச்சா?"

"இல்ல. எஃப்னு ஓர் எழுத்துதான்."

"சிலிண்டர்ல ஏ, பி, சி, டின்னு நாலே எழுத்துதான் வரும். ஒண்ணொண்ணும் மூணு மாசத்தக் குறிக்கும். 'ஏ'ன்னா ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும். எஃப்னு எந்த சிலிண்டர்லயும் கெடையாது. எட்டு வருஷம் சிலிண்டர் சுமந்த பாண்டித்துரை எழுதியிருந்தா, பிப்ரவரிக்கு 'ஏ'ன்னுதான் போட்டிருப்பான். மாசத்தோட இங்கிலீஷ் மொத எழுத்துன்னு நெனச்சவர்தான் எஃப் போட்டிருக்கார். அது பிப்ரவரின்னு, சிலிண்டரையே பாக்காத ஒருத்தருக்கு எப்படித் தெரியும்?"

"போலீஸ்ல ஆரோ சொன்னாங்க..."

"யார் சொன்னது?" என்றார் எஸ்.ஐ. "எனக்கே இப்பதானே அர்த்தம் தெரியுது."

கோகுல்நாத் நாற்காலியில் உட்கார்ந்தார். "பழைய வண்டியோட சேந்து வந்த சிலிண்டருங்க. கனெக்ஷன் புக்கு இல்ல. ஏஜென்சில மாத்தித் தரமாட்டேன்னுட்டாங்க. புதுசு வாங்கவே இல்லீங்க. டூரிஸ்ட் கம்பெனில தேதிய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. செவ்வாக்கிழமை நானே எழுதி, நானே எடுத்து அனுப்புனனுங்க. ஒரே ஒரு டிரிப்புதானேன்னு..."

எஸ்.ஐ. அவருடைய போனைக் கை நீட்டி வாங்கினார். படம் அதிலேயே இருந்தது.

பாண்டித்துரையை வெளியே அழைத்துவந்தார்கள். சிவசங்கரி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். இனி விடுவதில்லை என்பதுபோல் இறுக்கிக்கொண்டாள். வாக்குமூலத்தை எழுதி முடித்த எஸ்.ஐ., கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். பாண்டித்துரை பேனாவைத் தொடவில்லை.

"சார், ஒண்ணு விட்டுப்போச்சு. தேதி முடிஞ்சத மொதலாளிகிட்டதான் சொன்னேன். செல்லத்துரைகிட்ட சொல்லல. நான் வண்டிய விட்டு எறங்கும்போது வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தான். எங்கடா கெளம்பிட்டன்னு கேட்டான். இருந்த கோவத்துல பதில் சொல்லாம வந்துட்டேன். அதையும் எழுதுங்க."

எஸ்.ஐ. சிவசங்கரியைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணவனோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

"எழுதுங்க சார்," என்றாள். "எழுதி முடிச்சதும் கோட்டயம் போறோம். ராமலட்சுமிகிட்ட இத நாங்களே சொல்லணும்."

ஜெகன் ஜீப்பை எடுக்கப் போனான்.