அம்புஜம் திரும்பும் நேரம்

என் வீட்டுக்காரர் சினிமா பார்ப்பதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். சாயங்காலம் பேட்டரி வண்டிப் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, குளித்து, திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்வார். அடுத்த நிமிஷமே அதிகாரம் தொடங்கிவிடும். "ஏப்பா, அவன உடாதே, இன்னும் ரெண்டு போடு" என்பார். போட்டுவிடுவான் போலிருக்கிறது, இவர் முகம் மலரும். "அழுகாதே கண்ணு, அவன் வந்துருவான்" என்பார். வந்துவிடுவான். பக்கத்தில் நானும் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் படத்தில், என் கதாநாயகியை என் இஷ்டத்துக்கு நடத்திக்கொண்டிருப்பேன். அவர் விழுந்து விழுந்து சிரிக்கும்போது நான் மூக்கை உறிஞ்சுவேன். நான் சிரிக்கும்போது அவர் கொட்டாவி விடுவார்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஈரோட்டில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். இப்போது வருவதெல்லாம் நெகிழ்படம். மணிக்கட்டில் கட்டிய நாடிப்பட்டை நம் துடிப்பைப் படித்துக் கண்ணாடிக்குச் சொல்லும். அலுப்புத் தட்டினால் பாட்டு வரும், பயந்துவிட்டால் பேய் கிளம்பிப் போய்விடும், வாய்விட்டுக் கேட்டால் கேட்டது நடக்கும். சொன்ன பேச்சைக் கேட்காத படத்தை என் வீட்டுக்காரர் சென்னியப்பன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நானும்தான், எதிர்வீட்டுப் பியூலா டீச்சர் என்னைக் கருங்கல்பாளையத்துப் பழைய கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போகும்வரை.

அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு எங்கள் ரசிகர் மன்றம் கூடும். மன்றத்துக்கு ஒரே படம், 'கொடைக்கானல் மெயில்'. கொடைக்கானலுக்கு ரயிலே கிடையாதே என்று கேட்காதீர்கள். படத்தில் உண்டு, நாங்களும் அதில் போய்க்கொண்டிருக்கிறோம். அது உறைபடம். எடுத்தது எடுத்தபடியே இருக்கும், யார் கெஞ்சினாலும் மாறாது. கண்ணாடி இல்லாமல், துணித்திரையில், எல்லோரும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

உள்ளதைச் சொன்னால் மிச்சப் படம் சுமார்தான். வெளியில் சொல்ல மாட்டோம். எங்களைக் கட்டிப்போட்டது இடைவேளைக்கு முன்னால் வரும் பிளாட்பார நடனம். ஸ்டேஷன் மாஸ்டர் மகள் அம்புஜம், டிக்கெட் பரிசோதகர் ராஜுவோடு கோபித்துக்கொண்டு, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி, அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ராஜு அவளைத் திரும்ப வைக்க ஆடுகிறான். தள்ளுவண்டி மேல் ஆடுகிறான், பெட்டிகளுக்கு நடுவில் ஆடுகிறான், போர்ட்டர்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். அவள் திரும்புவதில்லை. ஆனால் அவளுடைய குதிகால் மட்டும் மெல்ல எழும்பித் தாளம் போடத் தொடங்குகிறது. எல்லா வாத்தியமும் ஓய்ந்து கிளாரினெட் மட்டும் தனியாக இழுத்து, அதுவும் நின்றுபோன பிறகு, சத்தமே இல்லாத இடத்தில் அவள் திரும்புகிறாள். திரும்பிய வேகத்தில் தலைப்பூ நழுவ, ராஜு கையை நீட்டிப் பிடிக்கிறான். பூ நழுவியது ஒத்திகையில் இல்லாதது என்பது எங்கள் மன்றத்தின் முடிவு. இல்லாவிட்டால் அந்தப் பெண் அப்படிச் சிரித்திருக்க முடியாது.

அந்த அம்புஜத்துக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது. திரைக்காப்பகத்திலிருந்து எஸ்தர் என்ற அதிகாரி வந்திருந்தார். நாகர்கோவில்காரர், நல்ல மாதிரி, பேச்சில் மட்டும் விதி தவறாதவர். ஓர் உறைபடம் உறைபடமாகவே நீடிக்க வேண்டுமென்றால், அதைப் பார்க்கும் அரங்கில் ஒரு தடவையாவது எல்லா நெஞ்சும் ஒன்றாகத் துடிக்க வேண்டுமாம். ஒத்துடிப்பு என்று அதற்குப் பெயர். துடிக்காவிட்டால் படத்தை நெகிழ்ப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

"அனுப்புனா என்னாகுமுங்க?" என்று கேட்டார் மன்றத் தலைவர் குழந்தைவேல்.

"ஒண்ணும் ஆகாது சார். எல்லார் வீட்டுக்கும் வந்துரும். நிறைய பேர் பார்ப்பாங்க."

"அம்புஜம்?"

எஸ்தர் விதிப் புத்தகத்தை மூடினார். "திரும்புன்னு சொன்னா திரும்பிருவாங்க."

வாராவாரம் நான் கொண்டுபோகும் சுண்டலை அன்றைக்கு யாரும் தொடவில்லை. எவனோ சோபாவில் படுத்துக்கொண்டு, பாட்டின் முதல் வரியிலேயே "திரும்பு" என்பான். அவளும் திரும்பிவிடுவாள்.

சோதனைக் காட்சிக்கு நாள் குறித்தோம். அங்கேதான் பெரிய புத்திசாலித்தனம் செய்தோம். வெளியாள் ஒருவரும் வேண்டாம், படத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று தீர்மானித்தோம். தெரியாதவன் எவனாவது நடுவில் கொட்டாவி விட்டால் எல்லாம் கெட்டுப்போகும். முதலில் விலக்கிவைக்கப்பட்டவர் என் வீட்டுக்காரர்தான். "நானும் வரட்டுமா அம்மிணி?" என்று கேட்டார். "நீங்க படத்தோட பேசுவீங்க மாமா, மானம் போயிரும்" என்றேன். முகம் சுண்டிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் எஸ்தர் எல்லோருக்கும் காப்பகத்து நாடிப்பட்டையைக் கட்டினார். திரைக்குப் பக்கத்துச் சுவரில், பெயர் போட்டு, ஆளுக்கொரு பச்சைப் புள்ளி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் புள்ளியும் ஒரே சமயத்தில் ஏறி ஒரே கோடாக நின்றால் ஜெயம். படம் தொடங்கியது. எங்களுக்குக் கவலையே இல்லை. பிளாட்பாரம் வரட்டும், கொட்டகையே எழுந்து நிற்கும் என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிளாட்பாரம் வந்தது. கிளாரினெட்டின் முதல் இழுப்பிலேயே குழந்தைவேல் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அந்த இடம்தான் சொர்க்கம், அவர் புள்ளி ஜிவ்வென்று ஏறியது. மற்றவை கீழேயே கிடந்தன. பியூலா டீச்சரின் புள்ளி, அம்புஜத்தின் குதிகால் எழும்பும் இடத்தில் தனியாகத் துள்ளியது. எங்கள் மன்றத்து அன்வர் பாய்க்கு, ஆட்டத்தின் பின்வரிசையில் வரும் ஒரு போர்ட்டர் உயிர். எல்லோரும் வலப்பக்கம் போகும்போது அந்த ஆள் மட்டும் இடப்பக்கம் போய், முழித்து, ஓடி வந்து சேர்ந்துகொள்வான். "எங்காளு! எங்காளு!" என்று பாய் கைதட்டியபோது அவர் புள்ளி கூரைக்குப் போனது. என் புள்ளியோ, பூ நழுவும் இடத்துக்காகக் காத்துக் கிடந்து, கடைசியில் ஏறியது. அதற்குள் மற்ற எல்லாம் இறங்கிவிட்டன.

பாட்டு முடிந்ததும் எஸ்தர் சுவரைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஆளுக்கொரு நேரத்துல பிடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. நெகிழாத படத்தைப் பார்த்துப் பார்த்து நாங்களே அதை நெகிழ்த்தி வைத்திருக்கிறோம்! ஆளுக்கொரு துண்டை வெட்டி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, அது எப்போது வரும் என்று பார்த்திருந்தோமே தவிர, அம்புஜம் திரும்புவாளா மாட்டாளா என்று ஒருத்தரும் கவலைப்படவில்லை. திரும்புவாள் என்பதுதான் தெரியுமே. சோபாவில் கிடக்கிறவருக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அப்போது அன்வர் பாய், பழக்க தோஷத்தில், வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்து, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்.

வாராவாரம் நடப்பதுதான். பாட்டு முடிந்ததும் யாராவது ஒன்ஸ் மோர் கேட்போம், ஆபரேட்டர் பாட்டை முதலிலிருந்து போடுவார். இன்றைக்குக் கத்திவிட்டு பாய் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் எஸ்தரைப் பார்த்தோம்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "படம் முடியறவரைக்கும் அளக்கணும்னு விதி. ஒரு பாட்டை ரெண்டு தடவை போடக்கூடாதுன்னு விதி இல்ல. போடுங்க."

ஆபரேட்டர் திரும்பப் போட ஆயத்தமாகும்போது பக்கத்துக் கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. வாசலில் கைப்பிடி வைத்த தூக்குப்போசிப் பாத்திரத்தோடு என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, சுண்டலை வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியே!"

எனக்கு உயிர் போய்விட்டது. வெளியே போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். அதற்குள் எஸ்தர் எழுந்து போய், "அரங்குக்குள்ள வந்துட்டா பட்டை கட்டணும் சார்" என்று அவர் மணிக்கட்டிலும் ஒன்றைக் கட்டிவிட்டார். சுவரில் ஒரு புள்ளி கூடியது. விளக்கு அணைந்தது. அவர் போசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் இருக்கைக்குப் பக்கத்து நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

கிளாரினெட் இழுத்தது. கண்ணாடி இல்லாமல் படமா என்று கொஞ்ச நேரம் முழித்தார். ராஜு தள்ளுவண்டியில் ஏறி ஒரு சுற்று ஆடியதும் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு நான் பயந்தது நடந்தது.

"ஏனுங்க அம்மிணி, திரும்பிப் பாருங்க" என்றார் திரையிடம், நல்ல மரியாதையாக.

அம்புஜம் திரும்பவில்லை.

"அட, பாவம், இத்தன ஆடறான். திரும்புங்க."

அவள் அசையவில்லை. மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், பட்டை கெட்டுப்போயிற்றோ என்று. அப்புறம் குனிந்து என்னிடம், "ஏம்மிணி, இவ திரும்ப மாட்டேங்கறா?" என்றார். இரகசியம் பேசுவதாக நினைப்பு, கொட்டகைக்கே கேட்டது.

"இது சொன்னா கேக்காது மாமா."

"கேக்காதா?" அவருக்குப் புரியவே இல்லை. "அப்ப அவன் என்ன பண்ணுவான்?"

"ஆடுவான்."

"அப்பறமும் திரும்பலைன்னா?"

பதில் எல்லோர் வாயிலும் இருந்தது, ஒருத்தரும் சொல்லவில்லை. குழந்தைவேல் கண்ணைத் திறந்து இவரையே பார்த்தார். பியூலா டீச்சர் முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்வர் பாயின் போர்ட்டர் இடப்பக்கம் போய், முழித்து, ஓடி வந்தான். பாய் கவனிக்கவில்லை! என் வீட்டுக்காரர் திரையைப் பார்க்க, நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். ராஜு துள்ளினால் அந்த முகமும் துள்ளியது. அம்புஜத்தின் குதிகால் எழும்பியதும், "கால் ஆடுது! கால் ஆடுது அம்மிணி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எத்தனையோ ஞாயிறு பார்த்த குதிகாலை நாங்களும் இப்போதுதான் பார்ப்பது மாதிரி வெடுக்கென்று திரைக்குத் திரும்பினோம்.

ராஜு ஆடி ஓய்ந்து நின்றான். போர்ட்டர்கள் நின்றார்கள். கிளாரினெட் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் உத்தரவு போடுவதை விட்டுவிட்டார். உதடு மட்டும் அசைந்தது, கும்பிடுகிற மாதிரி. கிளாரினெட் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் அவள் திரும்ப மாட்டாளோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

அம்புஜம் திரும்பினாள். பூ நழுவியது. ராஜு கையை நீட்டினான். போசியை ஒரு கையால் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரும் கையை நீட்டினார்.

கொட்டகையில் எழுந்த சத்தத்தில் சுவரைப் பார்க்கவே மறந்துவிட்டோம். பார்த்தபோது எல்லாப் புள்ளியும் ஒரே கோடாக, கயிறு கட்டி இழுத்த மாதிரி, உச்சியில் நின்றது. குழந்தைவேல் அழுதார். டீச்சரும் நானும் கட்டிக்கொண்டோம். எஸ்தர் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒத்துடிப்பு பதிவாயிருச்சு. படம் உறைநிலையிலேயே இருக்கும்" என்று அதிகாரிக் குரலில் சொல்லப் பார்த்தார். குரல் ஒத்துழைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. "அப்பறம்? ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுதா?" என்று எல்லோரையும் கேட்டார். அவ்வளவு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு அவரையே பார்த்தோம். "ஏனுங்க, சொன்னா என்ன கொறஞ்சா போயிரும்?" என்றார் பரிதாபமாக.

"ஆமாங்க மாப்ள, கொறஞ்சு போயிரும்" என்றார் அன்வர் பாய். "உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். இரண்டாம் பாதியை அவருக்குப் பக்கத்தில் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சுமார் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஓரிடத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடிக்குப் பதில் துவைத்த துண்டை ஆட்டும்போது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படம் விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. அடுத்த மேட்னிக்கு இதுவரை படம் பார்க்காத ஒருவரை ஆளுக்கொருவர் கூட்டிவர வேண்டும் என்று மன்றத்தில் அங்கேயே முடிவாயிற்று. எனக்கு ஆள் பிடிக்கிற வேலை பாக்கி. என் ஆளை இன்றைக்கே செலவழித்துவிட்டேன்.

ஆற்றோரத் தெருவில் நான் முன்னால் நடந்தேன். காலிப் போசியோடு அவர் பின்னால் வந்தார். எப்போதும் இவ்வளவு தூரம் முன்னே போனால், "அம்மிணி, நில்லு" என்று மூன்று தடவை கூப்பிட்டிருப்பார். இன்றைக்குக் கூப்பிடவில்லை. போசியின் கைப்பிடி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. கூடவே கிளாரினெட் மெட்டை, சுருதி கண்ட மேனிக்கு ஓட, வாயால் இழுத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனாலும் நான் திரும்பவில்லை. மெட்டு நீண்டுகொண்டே போனது. பிறகு நின்றது. போசிச் சத்தமும் நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, காத்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். அன்றைக்கு நான் தலையில் பூ வைத்திருக்கவில்லை. ஆனாலும் அவர் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார்.