காற்றுக்கதவில் ஒன்பது நிமிடம்

நிலாப்பட்டணத்தில் யார் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் ஓர் எண் தானாகவே பதிந்துவிடும். அந்த நொடியில் அவர் மனம் செய்கிற வேலையில் நூற்றுக்கு எத்தனை பங்கு இருந்தது என்பதைக் காதுக்குப் பின்னால் பதித்த கவனமானி சொல்லிவிடும். கல்யாணப் பதிவேட்டில்கூட மாப்பிள்ளைக்கு நாற்பது, பெண்ணுக்கு அறுபது என்று விழுவதுண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பாழாய்ப்போன அந்த மானிதான் தலைமைக் காவலர் செண்பகவல்லியின் பிழைப்புக்கு உலை வைத்தது. நகரத்தின் காற்று வெளியே போகாமல் தடுக்கும் காற்றுக்கதவுக் காவலில் இருந்தபோது ஒன்பது நிமிடம் அவள் கவனம் பூஜ்யம். கண்ணயர்ந்துவிட்டாள், அதை அவளே ஒப்புக்கொண்டாள். துறை விசாரணை நடந்தது. கண்காணிப்பாளர் பணிநீக்க ஆணையில் கையெழுத்திட்டார். நிலாவில் வேலையில்லாதவருக்கு இடமில்லை. அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். எடை குறைந்த இந்த மண்ணில் இருபத்தாறு வருடம் நடந்து பழகிய எலும்பு பூமியில் எழுந்து நிற்குமா?

"தூங்கினது என் தப்புதானே சார்? கோர்ட்டுல போய் என்னத்தச் சொல்றது?" என்று வழக்கறிஞர் சந்தியாகுவிடம் புலம்பினாள்.

"நீங்க தூங்கினீங்களான்னு கோர்ட் கேக்காதுக்கா. தண்டனை குடுத்தவர் மனசு வச்சுப் பாத்துக் குடுத்தாரான்னுதான் கேக்கும்."

நீதிமன்றத்தில் அவர் அந்த ஆணையை மட்டும்தான் நீட்டினார். கண்காணிப்பாளரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் எண்: மூன்று. சட்டப்படி குறைந்தது பதினைந்து வேண்டும். துறைக்காக வாதாட வந்த அரசு வழக்கறிஞர் தன் கோப்பைப் புரட்டினார். நீதிபதி ஆணையை ரத்துசெய்து, அவளை உடனே பணியில் சேர்க்கச் சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

அப்பாடா! செண்பகவல்லி வராந்தாவில் உட்கார்ந்து அழுது, மூக்கைச் சிந்தி, பிறகு தீர்ப்பு நகலை ஆசையாகப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நீதிபதியின் கையெழுத்து. பக்கத்தில் இரண்டு. தீர்ப்புக்கும் அதே பதினைந்துதான் விதி.

சந்தியாகுவிடம் ஓடினாள். "சார், ஜட்ஜுக்கு ரெண்டுதான் விழுந்திருக்கு! துறைக்காரங்க பாத்தா மேல்முறையீட்டுக்குப் போயிடுவாங்களே!"

"மெதுவாப் பேசுங்கக்கா."

அதே நேரம் அரசு வழக்கறிஞர் வராந்தாவில் இருந்த குமாஸ்தாவிடம் தன் நகலை வாங்க வந்தார். யாரிடமோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே, குமாஸ்தா விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். 'தீர்ப்பை முழுதும் படித்தேன். மேல்முறையீடு தேவையில்லை' என்ற வரிக்குக் கீழே பூஜ்யம் விழுந்தது. குமாஸ்தா அதைப் பார்க்காமலே கோப்பை மூடி அலமாரியில் செருகினார்.

செண்பகவல்லி நெஞ்சில் கைவைத்தபடி நின்றாள். "என்ன சார் இது, யாருமே எதையும் பாக்க மாட்டாங்களா?"

"சும்மா இருங்கக்கா," என்று சந்தியாகு சிரித்தார். "இத்தனை பேர்ல யாராவது ஒருத்தர் கவனமா இருந்திருந்தா, நீங்க இந்நேரம் கப்பல்ல இருப்பீங்க."