திருகை பாவிய கூடம்

மடாதிபதி ஹாமோவின் அங்கி விளிம்பில் மாவு ஒட்டியிருந்தது. அடுக்களைப் பக்கமோ ஆலைப் பக்கமோ ஆயுளில் எட்டிப் பார்க்காத மனிதர் அவர். மாவு என்பது ரொட்டியாகி, வெண்ணெய் பூசிக்கொண்டு, தட்டில் ஏறித் தம் முன்னால் வந்து நிற்க வேண்டிய வஸ்து என்பது அவர் கொள்கை. குனிந்து காலைப் பார்க்க வயிறு இடம் கொடுக்காத காலம் ஒன்று இருந்தது. இப்போது கொடுத்தது. விரலால் தட்டினார். நைசாக, லேசான சாம்பல் நிறத்தில், மாவு தரையில் உதிர்ந்தது.

தரை முழுவதும் திருகைகள்.

ஆர்ன்வெல் மடத்துக் குடிகள் மண்ணோடு மண்ணாக மடத்துக்குச் சொந்தமானவர்கள். மடத்தின் உத்தரவில்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது, பெண்ணைக் கட்டிக் கொடுக்கக் கூடாது, வீட்டில் ஒரு பிடி பார்லி அரைக்கக் கூடாது. அரவை என்றால் மடத்தின் தண்ணீர் ஆலையில், கூலி கொடுத்து. அப்படியிருக்க, குடிசைகளில் திருட்டுத்தனமாகத் திருகைகள் சுற்றுவது ஹாமோவின் தூக்கத்தைக் கெடுத்தது. வைக்கோலுக்குள்ளும் தொட்டிலுக்கடியிலும் ஒளித்திருந்ததையெல்லாம் பிடுங்கி வரச் செய்தார். வேறு மடாதிபதி என்றால் உடைத்து எறிந்திருப்பார். ஹாமோவுக்குக் கலை உள்ளம். தம் விருந்துக் கூடத்தில் தரையாகப் பாவச் சொன்னார். மேற்கல்லும் அடிக்கல்லும் ஜோடி பிரியாமல், தானியம் போடும் குழி மேலே பார்க்க. "குடிகளின் அகந்தை மேல்தான் நடந்துகொண்டிருக்கிறோம்" என்று விருந்தாளிகளிடம் அடக்கமாகச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு பிஷப் வருகிறார். அவரிடமும் சொல்ல வேண்டும்.

கூடம் பெருக்குவது குன்னில்டின் ஊழியம். அவள் புருஷன் ஆல்வின், திருகையைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றவன். கல்லை எடுக்க அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் கண்டு, அடைத்து வைத்திருந்த மடத்துக் கிடங்கிலேயே போய்ச் சேர்ந்தான்.

"என்னடி மாவு இது?" என்றார் ஹாமோ.

"தரை அரைச்சது சாமி."

"தரை எங்கயாவது அரைக்குமா?"

"நம்ம தரை அரைக்குது. விடிஞ்சா ஒரு முறம் அள்ளறேன்."

"அள்ளி?"

"பன்னிக்கு வெச்சேன். மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. பட்டினி கெடக்கற பன்னி சாமி அது."

எவனோ ராத்திரியில் வந்து கள்ள அரவை செய்கிறான் என்று ஹாமோ முடிவு கட்டினார். மடத்துக் கூரைக்கடியில் அரைத்த மாவு மடத்துக்கே சொந்தம் என்று தீர்ப்பும் சொன்னார். மாவு அடுக்களைக்குப் போனது, ரொட்டி வந்தது. துறவிகள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தேடினார்கள். காரியக்காரர் ரானுல்ஃப் மரியாதையாகக் கைக்குட்டையில் துப்பினார். ஹாமோவுக்கு மட்டும் அது ரொம்ப நாள் பழகின ருசியாக இருந்தது. முழு ரொட்டியையும் அவரே தின்றார். மறுநாளும் கேட்டார்.

அந்த வாரம் ஓடை உறைந்தது. ஆலைச் சக்கரம் பனிக்குள் சிக்கி நின்றது. ஊரில் அரைத்த மாவு தீர்ந்தபின் குன்னில்ட் நாலு பேரோடு வந்து கூடத்து வாசலில் நின்றாள்.

"ஆலை நின்னுருச்சு சாமி. பார்லிய ஊறவெச்சுக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். பல்லு மொளைக்காத பிள்ளைங்க என்ன பண்ணும்? ரெண்டு குழந்தைய மண்ணுல வெச்சாச்சு. பனி விடற வரைக்கும் கல்லக் குடுங்க."

"பிஷப் வர்ற நேரத்துல தரையைப் பேக்கச் சொல்றியா?"

"உங்க நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றோம்."

"உபவாசம் இருங்க. ஆத்மாவுக்கு நல்லது. என்னைப் பாருங்க, எப்படி இளைச்சிருக்கேன்."

இளைத்துத்தான் இருந்தார். தவத்தின் பலன் என்று இளம் துறவிகள் கிசுகிசுத்தார்கள். வாத்து நெய் மினுக்கும் உதடுகளோடு ஹாமோ அதை மறுக்காமல் விட்டுவைத்திருந்தார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் சாமி," என்றாள் குன்னில்ட்.

பிஷப் வருவதற்கு முதல் நாள் பொழுது சாய்ந்தது. கணப்பில் ஆப்பிள் மரக்கட்டை புகைந்து எரிய, பன்றிக்கொழுப்பு விளக்குகள் சுவரில் நிழல்களைத் தள்ளாட விட, ஹாமோ உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து வரவேற்புரையை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'எளியேனாகிய நான்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவதா நடுங்கவிடுவதா என்று அவர் யோசித்த நேரத்தில், பூனை எங்கோ தொண்டைக்குள் உறுமுவது போல ஒரு சத்தம் தொடங்கி, மெல்ல, பொறுமையாக, வேலைக்குப் பழகின கையின் நிதானத்தோடு சுற்றிச் சுற்றி வந்தது. ஆலையாக இருக்கும் என்று நினைத்தார். ஆலைதான் உறைந்து கிடக்கிறதே என்பது அப்புறம் ஞாபகம் வந்தது.

நாசியில் புது மாவின் வாசனை. அதற்கடியில் வேறொன்று, லாடம் அடிக்கும்போது குதிரைக் குளம்பு தீயும் வாடை. தரையைப் பார்த்தார். கல் ஒன்றும் அசையவில்லை. அவர் பாதம் வைத்திருந்த கல்லைத் தவிர.

அது சுற்றிக்கொண்டிருந்தது. அவர் செருப்பையும் சேர்த்துக்கொண்டு, மெதுவாக.

காலை இழுத்தார். செருப்பு வந்தது. லேசாக வந்தது. உள்ளே பாதி காலியாக இருந்தது.

வலியில்லை. செருப்பின் நுனியைத் தொட்டார். தோல் அமுங்கி மடங்கியது. விரல் இருக்க வேண்டிய இடம். கவிழ்த்தார். மாவு கொட்டியது.

எழுந்திருக்கப் பார்த்தார். நிற்க ஏதுமில்லை. நாற்காலிக் கையைப் பிடித்தார். மடாதிபதி மோதிரம் கழன்று உருண்டது. ஒரு குழிக்குள் விழுந்தது. கல் அதைக் கடித்தது.

கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சுண்டுவிரல் இல்லை. மோதிர விரல் பாதிதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனி நைந்து, பொடிந்து, மடியில் இறங்கியது. நைசாக. சாம்பல் நிறமாக.

முறம் முறமாக.

அந்த ரொட்டி.

அந்தப் பழகின ருசி.

"ரானுல்ஃப்," என்று கூப்பிட்டார். "ரானுல்ஃப். கல்லையெல்லாம் பேத்துக் குடுத்துரு. இப்பவே."

ரானுல்ஃப் கதவைத் திறந்தார், தரையைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். காலடிச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. சற்றுப் பொறுத்து, பல காலடிகள் ஏறி வந்தன. செருப்பில்லாத காலடிகள்.

குன்னில்ட் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஊரே வந்தது, கையில் காலிச் சாக்குகளோடு.

"எடுத்துக்கோங்க," என்றார் ஹாமோ. "எல்லாக் கல்லையும். இனிமே வீட்டுல அரைச்சா யாரையும் கேக்க மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்கம்மா."

யாரையும் அவர் அம்மா என்று கூப்பிட்டதில்லை. குன்னில்ட் குனிந்து, சுற்றுகிற கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல.

"இப்ப எடுக்க முடியாது சாமி."

"ஏன்?"

"அரைஞ்சுக்கிட்டு இருக்கறப்ப நடுவுல கல்ல நிறுத்தற வழக்கம் எங்களுக்குக் கெடையாது. போட்டது முடியணும். முடிஞ்சதும் எடுத்துக்கறோம்."

கூட்டத்தில் ஒரு கிழவன் எட்டிப் பார்த்தான். "நேரமாகுமா குன்னில்ட்?"

"ஆகும். சாமி பெரிய ஆளில்லையா."

அவர்கள் அவசரப்படவில்லை. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி மடியில் கிடந்த பிள்ளைக்கு முலை கொடுத்தாள். அதில் பாலில்லை, பிள்ளை விட்டுவிட்டு ஹாமோவையே பார்த்தது. கணப்பில் ஒருவன் கட்டையைத் தள்ளி வைத்தான். அடுத்த கல் சுற்றத் தொடங்கியது. அதற்கடுத்தது. பிறகு, கூடம் முழுக்க.

ஹாமோ வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நாக்கு இருந்த இடத்திலிருந்து மாவு பொலபொலவென்று மோவாயில் வழிந்து மார்பில் இறங்கியது. கண்கள் மட்டும் முழுசாக இருந்தன. சுவரோரம் பெண்கள் பேசிக்கொள்ளாமல், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, சாக்கு வாயைப் பிரித்து மடியில் விரித்து வைத்துக்கொள்வதை அவை பார்த்துக்கொண்டிருந்தன.