நீல நாற்காலி

ஏரிக்கரைப் பூங்காவுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணல்மேடுகளின்மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டர்க் கூடாரம் அடித்தான். இந்த வசந்தத்தில் அவனை மணந்துகொண்ட மார்லீன் காரிலிருந்து விறகை இறக்கி நெருப்பு மூட்டினாள்.

டர்க் மடக்கு நாற்காலிகளை விரித்தான். மூன்று.

“யாராவது வர்றாங்களா?”

“இல்ல, மார்லீன். பழக்கதோஷம்.”

மூன்றாவது நீல நிறம். இறந்துபோன முதல் மனைவி கொராவுடையது. அவளுடைய சாம்பலை இந்த மணல்மேட்டில்தான் தூவியிருந்தான்.

நெருப்பில் முதலில் வாட்டிய மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குச்சியோடு நீட்டினான் டர்க். நீல நாற்காலியின் பக்கம். பிறகுதான் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

மார்லீனுக்கு வயிறு எரிந்தது. “செத்தும் உன்னை விடமாட்டேங்கறாளே!” நாற்காலியை மடக்கிக் காருக்கடியில் தள்ளினாள். துண்டை உதறித் தோளில் போட்டாள்.

“இருட்டப் போவுது, எங்க போற?”

“குளிக்க. நீ உன் பொண்டாட்டிகிட்டப் பேசிக்கிட்டிரு.”

கரையில் யாருமில்லை. காற்றுமில்லை. ஆனாலும் மேட்டுப் புற்கள் ஒரே கோடாகச் சாய்ந்தன, யாரோ இறங்கி வருவதுபோல.

இடுப்பளவு நீரில் நின்றாள். ஈர மணல் வாசனைக்குள் லாவெண்டர் சோப்பு வாசனை. டர்க்கின் பழைய போர்வையில் அவள் எத்தனை முறை துவைத்தும் போகாத வாசனை.

கணுக்காலை விரல்கள் பற்றின.

இழுத்தன.

நீர் கழுத்துக்கு ஏறியது. “கர்த்தாவே!” என்றாள். அந்த விரல்களின் குளிரில்தான் அவளுக்குப் புரிந்தது: தன்னைப்போலவே கொராவும் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறாள். நெருப்பருகே ஓர் இடத்துக்காக.

“கொரா,” என்று கிசுகிசுத்தாள். “உன் நாற்காலிய எடுத்தது தப்புதான். குளிருதே உனக்கு. வா, நெருப்புகிட்ட வந்து உக்காரு.”

விரல்கள் தளர்ந்தன.

சொட்டச் சொட்டத் திரும்பியவள் நீல நாற்காலியை விரித்து, நெருப்புக்கு அருகில் இழுத்துப் போட்டாள். ஒரு மார்ஷ்மெல்லோவைப் பொன்னிறமாய் வாட்டி அதன் கைப்பிடியில் வைத்தாள்.

“என்ன பண்ற?” என்றான் டர்க்.

“நான்தானே புதுசு. அவ பழைய ஆளு.”

டர்க் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

காலையில் கைப்பிடி வெறுமையாக இருந்தது. துணி இருக்கையில் ஈர மணல்.

மீந்த விறகை அடுத்து வருபவர்களுக்காக அடுக்கிவிட்டுக் காரில் ஏறினார்கள். கார் நகர்ந்ததும் எச்சரிக்கை மணி விடாமல் ஒலித்தது.

“பின்சீட்ல யாரோ பெல்ட் போடாத மாதிரி கத்துதே,” என்றான் டர்க். “அங்க ஒண்ணுமே இல்லியே.”

மார்லீன் திரும்பிப் பார்க்கவில்லை. “பெல்ட்டப் போட்டுக்கோ, கொரா,” என்றாள் மெல்ல.

பின்னால் ‘க்ளிக்’ என்றது.

மணி நின்றது.