தீர்த்தகிரியின் கால்கள்

முழங்காலில் சோதனைச் சுத்தியல் படுவதற்கு முன்பே தீர்த்தகிரியின் கால் உதைத்தது.

டாக்டர் கனீஸ் ஃபாத்திமாவின் கை அந்தரத்தில் நின்றது. மூன்று மாதமாக அந்தக் கால்கள் செத்துக் கிடந்தவை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. வெளியே ஆவணி மழை பிசுபிசுத்துக்கொண்டிருக்க, நனைந்த கூரைப்புல்லின் வாசமும் அடுப்புப் புகையும், அவற்றுக்கு அடியில் லேசாக இனிக்கும் வேறொரு வாடையும் குடிசைக்குள் தேங்கி நின்றன. நடுப்பகலிலும் பாயில் கிடந்தவனின் முகம் சரியாகத் தெரியவில்லை. அசந்து தூங்குகிறான் என்று நினைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் அவள் இங்கே வரக் கிளம்பியபோது, மலையில் ஒரு பொம்பளைக்கு என்ன நரம்பு ஆராய்ச்சி என்று சென்னையில் சிரித்தார்கள். தோல் வியாபாரியான தகப்பனார் வாணியம்பாடியிலேயே ஆஸ்பத்திரி கட்டித் தருவதாகச் சொன்னார். எல்லோருக்கும் பதில் சொல்வதுபோல அவள் இந்த மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறினாள். இங்கே இரண்டு ஆண்டில் பதினான்கு பேருக்குக் கால் விழுந்துவிட்டது. காரணம் தெரியாமல் மலையிறங்குவதில்லை என்று இருந்தாள்.

மறுபடி சுத்தியலை ஓங்கிப் பாதியில் நிறுத்தினாள். கால் உதைத்தது. முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, தட்டலாம் என்று மனதுக்குள் மட்டும் நினைத்தாள்.

உதைத்தது.

மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. கழுத்திலும் இல்லை. தோல் பாறை மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"விடியக்காலையே போய்ட்டாருங்கம்மா." வாசலிலிருந்து அவன் மனைவி ரஞ்சிதம் சொன்னாள். உள்ளே கால் வைக்கவில்லை. "ஒரு வாய் கஞ்சி குடிக்காம போய்ட்டாரேன்னு மனசுல நெனச்சேன். வாயத் தொறந்தாரு. அதுலேர்ந்து யாரும் வூட்டுக்குள்ள வர்றதில்ல."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? எதுவும் நெனைக்காதீங்க. வந்துடுங்கம்மா."

கனீஸ் வாசல்வரை வந்து நின்றாள். ஓடினால் இந்தப் பதினான்கு குடும்பங்களின் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

"பன்னண்டு வருஷம் நரம்பத்தான் படிச்சிருக்கேன் ரஞ்சிதம். அது ஆட்டம் காட்டினா நான் பயந்து ஓடணுமா? நீ தள்ளி நில்லு."

அவள் நிமிர்ந்து நின்றாள். அவனை நேராகப் பார்த்தபடி, வேண்டுமென்றே, ஒவ்வொரு எழுத்தாக நினைத்தாள்.

எழுந்திரு.

பாய் சரசரத்தது. குச்சியாய்ச் சூம்பிய இரண்டு கால்களும் ஊன்றின. கை ஊன்றாமல், முதுகு வளையாமல், நிமிர்த்திய பலகையைப் போல அவன் எழுந்து நின்றான். வெளியே ரஞ்சிதத்தின் அலறல் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

படு, என்று நினைத்தாள்.

படுக்கவில்லை.

"படு!" வாய்விட்டே கத்தினாள்.

நின்றான். இமைகள் மெல்லத் திறந்தன. கண் அவளைத் தேடவில்லை. ஏற்கெனவே அவள்மேல் இருந்தது.

"நகர மாட்டேன்." கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னவா இருந்தாலும் சரி. நகர மாட்டேன்."

மழை. புகை. அந்த இனிப்பு வாடை.

அவளுடைய வலது கால் தரையை விட்டு எழுந்தது.

அவள் நினைக்கவில்லை.

ஓர் அடி. அவனை நோக்கி. கதவுச் சட்டத்தைப் பிடித்த அவளுடைய விரல்கள், ஒவ்வொன்றாக, தாமாகவே விரிந்தன.