பதினோரு மணித் தேநீர்

2064 நவம்பர் 11, காலை ஒன்பதரை. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளிமுனையில் கட்டி முடிக்கப்பட்ட புயல் காப்பகத்தைத் திறக்க ஒரு கையொப்பம் பாக்கி இருந்தது. புயல் நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

கையொப்பமிட வேண்டியவர் கண்காணிப்புப் பிரிவின் பொறியாளர் அமலோற்பவம். கட்டடத்துக்குள் பதிந்த ஓசைகளைக் கேட்கும் செவிக்கோலைக் கிழக்குத் தூணில் ஊன்றிக் கண்ணை மூடி நின்றார். வாசலுக்கு வெளியே எண்ணூறு பேர் பாயும் பாத்திரமுமாகக் காத்திருந்தார்கள்.

சாட்சிமணல் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிமென்ட் மூட்டைக்கு ஒரு பிடி. தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு துகளும் விழித்துக்கொள்ளும். கலவை இறுகும்வரை தன்மேல் விழுந்த பாரம், சூடு, அதிர்வு, ஓசை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உறைந்துவிடும். கம்பியில் யாராவது கைவைத்திருந்தால் தூணே சொல்லிவிடும். கடலோரத்தில் பாலம் விழுந்த செய்தியே சில ஆண்டுகளாக வருவதில்லை. துளையிட்டுச் சோதிக்கும் பழைய இயந்திரங்களை அரசு ஏலம் விட்டுவிட்டது.

இத்தனை நாளாகியும் அமலோற்பவத்துக்கு வியப்பு அடங்கவில்லை. அவர் முதன்முதலில் கேட்டது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரையூர்ப் பள்ளியை. சுவருக்குள்ளிருந்து ஒரு காலைப்பொழுது எழுந்து வந்தது. சட்டிகள் கைமாறும் சத்தம், நடுவில் ஐந்து நிமிடத் தூறல், ஒரு பெண்ணின் வறட்டு இருமல், "மெதுவாக் கொட்டுலே, கண்ணுல தெறிக்குது" என்று அவள் போட்ட அதட்டல். பதினோரு மணிக்கு எல்லாம் அடங்கியது. டீ நேரம். கால் மணி நேரத்துக்குக் கலவை தனியாக இறுகும் மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. அன்று அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்த சுவருக்குப் போனார்.

வெள்ளிமுனைத் தூணுக்குச் செவிக்கோலின் திரை நூற்றுக்கு நூறு காட்டியது. அமலோற்பவம் இன்னொரு முறை கேட்டார்.

"வேலாயுதம், கலவை போட்ட அன்னைக்கு யாரும் டீ குடிக்கலையா?"

ஒப்பந்தக்காரரின் ஆள் வேலாயுதம் சிரித்தார். "நூறு மார்க் வந்திருக்கு மேடம். நீங்க டீ கிளாஸ எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"ஒன்பது மணி நேரம் ஊத்தியிருக்கீங்க. ஒருத்தரும் இருமல. ஒருத்தரும் திட்டல. பதினோரு மணிக்கு ஒருத்தரும் சட்டியக் கீழ வைக்கல."

"நல்ல வேலக்காரங்க மேடம்."

கூட்டத்தின் முன்னால் நின்ற சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவர் அவர். "டீ குடுக்கலன்னா மேஸ்திரியவே கலவைல போட்டு மிதிச்சிருவோம்லா" என்றவர், சொல்லி முடித்ததும் இருமினார்.

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தார். அந்த இருமலை அவருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும்.

"கரையூர்ப் பள்ளிக்கூடத்துல வேல பாத்தீங்களா?"

"நாங்கதானம்மா ஊத்துனோம். எப்படிக் கண்டுபிடிச்சீய?"

"ஒரு சுத்தியல் கிடைக்குமா?"

சந்தனமாரி தன் மூட்டைக்குள்ளிருந்தே எடுத்துக் கொடுத்தார். புயலுக்கு ஓடி வரும்போதும் வேலைச் சாமானை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது அடியில் பூச்சு உதிர்ந்தது. உள்ளே இருந்தது ஈரச் சர்க்கரை போலக் கையோடு வந்தது. ஆய்வகத்தில் ஒரே ஒரு நல்ல தூணை வார்த்து, அதன் நினைவைத் துகள் துகளாக நகலெடுத்துக் கடல் மணலோடு கலந்திருந்தார்கள். வேலாயுதம் அதற்குள் தன் வண்டியில் ஏறியிருந்தார்.

அமலோற்பவம் கையொப்பமிடவில்லை. எண்ணூறு பேரும் பேருந்துகளில் கரையூர்ப் பள்ளிக்குப் போனார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் காப்பகத்தின் கிழக்குப் பாதி உட்கார்ந்துவிட்டது. பள்ளியில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன.

உண்மையான கட்டடத்துக்குள் மனிதர்கள் இருப்பார்கள் என்று அமலோற்பவம் அறிக்கை எழுதினார். மாதிரிக்குக் கரையூர்ப் பள்ளியின் முழு ஒலிப்பதிவையும் இணைத்தார். அறிக்கை அரசிதழில், யாரும் எடுத்துக்கொள்ளும்படி, இணைப்போடு வெளியானது. தலைநகரின் மதிமையம் என்ற கட்டடத் தணிக்கை இயந்திரம் தேநீர்ச் சோதனையைக் கற்றுக்கொண்டது. அதன்பின் பொறியாளரின் கையொப்பம் தேவையற்றது என்று விதியைத் திருத்தினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு புதிய பாலத்தில், பழக்கதோஷத்தில், அவர் செவிக்கோலை ஊன்றினார். ஐந்து நிமிடத் தூறல். வறட்டு இருமல். "மெதுவாக் கொட்டுலே, கண்ணுல தெறிக்குது."

அடுத்த வாரம் ஒரு மருத்துவமனையின் நீர்த்தொட்டியிலும் அதே குரல் அதட்டியது. அவர் மதிமையத்துக்கு எழுதினார். நான்கு விநாடிகளில் அது மாநிலம் முழுவதையும் கேட்டு முடித்தது. இருநூற்றுப் பதின்மூன்று கட்டடங்களில் ஒரே காலைப்பொழுது இருந்தது. அவற்றில் அசல் எதுவென்று அதற்குத் தெரியவில்லை, ஏனென்றால் தேதியும் அந்த நினைவுக்குள்தான் இருந்தது. மனிதர் எழுதிய பதிவேடுகளைச் சாட்சியாக ஏற்க விதியில் இடமில்லை. இருநூற்றுப் பதின்மூன்றையும் இடிக்க உத்தரவு வந்தது.

உத்தரவை எதிர்த்து நடந்த விசாரணைக்குச் சந்தனமாரியை அமலோற்பவமே அழைத்துப்போனார்.

"பள்ளிக்கூடத்துல இருமுனது நான்தான்யா" என்றார் சந்தனமாரி. "புயலுக்கு எங்க ஊரே அதுக்குள்ளதான் கெடந்துச்சு. வேணும்னா இப்பவும் இருமுதேன், கேட்டுக்கிடுங்க."

"உங்க குரல் எரநூத்திப் பதிமூணு எடத்துல கேக்குதேம்மா" என்றார் விசாரணை அதிகாரி. "எல்லாத்தையும் நீங்களா ஊத்துனீங்க?"

"அம்புட்டு டீ எவன்யா எனக்கு வாங்கிக் குடுத்தான்?"

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. சுத்தியலோடு ஒருமுறை கரையூருக்கு வரும்படி அமலோற்பவம் அவரைக் கேட்டுக்கொண்டார். சுத்தியலுக்கு விதியில் இடமில்லை என்றார் அவர். சந்தனமாரியின் இருமலை மதிமையம் பதிவு செய்தது. குரல் பொருந்துகிறது என்று இருநூற்றுப் பதின்மூன்று கோப்புகளிலும் குறித்துக்கொண்டது.

2067 பிப்ரவரி 3 அன்று இடிப்பு தொடங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களில் ஒவ்வொன்றும் ஒரே நாளில் விழுந்தது. கரையூர்ப் பள்ளியை இடிக்க ஒன்பது நாள் ஆனது.