இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஏரி

மழைக்கு அவள்மேல் என்ன கோபமோ... பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிழற்குடைக்குள் ஓடிப் புகுந்தவள், அங்கே ஏற்கெனவே நின்றிருந்த ஒருவன்மேல் மோதாத குறையாக நின்றாள்.

அவன் நகரவும் இல்லை, நிமிரவும் இல்லை. கையில் விரித்த புத்தகம். கவனமெல்லாம் அதில்தான்.

சரி, படிக்கிற பிள்ளை என்று விட்டிருப்பாள். விட முடியவில்லை. ஏனென்றால் அது அவளுடைய புத்தகம். பயணக் கையேடு. எந்த மலை எவ்வளவு உயரம், எந்த ஆறு எவ்வளவு நீளம், எந்தக் கோட்டையை எந்த அரசன் எந்த வருஷம் கட்டினான், எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு ரயில்... அச்சுக்குப் போகும் முன் அத்தனையையும் வரிவரியாகச் சரிபார்ப்பவள் அவள். அந்தச் சின்னப் பதிப்பகத்தில் அவளுக்குப் பெயரே 'பூதக்கண்ணாடி'. பால்காரர் நாளைக்கு வர மாட்டேன் என்றால்கூட, ஏன், எதற்கு, யார் வீட்டு விசேஷம் என்று குறுக்கு விசாரணை செய்கிற ரகம்.

மெல்ல எட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

ஐந்நூறு பக்கப் புத்தகத்தில் இவனுக்கு இந்தப் பக்கம்தானா கிடைத்தது?

"பக்கத்தைத் திருப்பட்டுமாங்க? இல்ல... நீங்க இன்னும் படிச்சு முடிக்கலையா?"

நிமிராமலே கேட்டான். பிறகு நிமிர்ந்தான். தூக்கம் கெட்ட கண்கள்... ஆனால் உள்ளே எங்கேயோ சிரிப்பை ஒளித்து வைத்திருக்கும் கண்கள். இமையில் ஒரு சாரல் துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒரு நொடி அவளுக்கு என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துவிட்டது. அந்த ஒரு நொடிக்காகவே அவன்மேல் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

"சாரல் அடிக்குது. அதான் தள்ளி நின்னேன்," என்றாள் விறைப்பாக.

"சாரல் இந்தப் பக்கம்தானே அடிக்குது... நீங்க தள்ளி நின்ன பக்கம்."

"புத்தகம் நனையுது. முதல்ல அதை மூடுங்க."

"சொந்தப் புத்தகம் மாதிரி பதறுறீங்களே."

"நான் அங்கதான் வேலை பார்க்கறேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே...

"நல்லதாப் போச்சு. உங்க ஆபீசுக்கு மூணு கடிதம் போட்டேங்க, ஒண்ணுக்கும் பதில் இல்லை. இதோ, கிழக்கு மாவட்டத்துல, மலைக்குப் பின்னாடி ஒரு ஏரி போட்டிருக்கீங்க. இது நிஜமாவே இருக்கா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஒரு விஷயம் உதைக்குது. அதான்."

அவன் புத்தகத்தைத் தோள்பைக்குள் வைத்தான். பை வாய் திறந்த அந்த அரை நொடியில் உள்ளே இன்னொரு புத்தகத்தின் சிவப்பு அட்டை தெரிந்தது. எதிர்க் கம்பெனியின் கையேடு.

ஓஹோ... அப்படியா சேதி.

"இருக்கு," என்றாள், அவன் கண்ணை நேராகப் பார்த்து.

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காமலா எழுதுவோம்? தாராளமா போய்ப் பாருங்க."

அவன் அவளையே பார்த்தான். நம்பினானா இல்லையா... தெரியவில்லை. "சரிங்க. நாளைக்கே கிளம்பறேன்," என்றான்.

ஒன்பது மணி நேரப் பயணம். போகட்டுமே. வேவு பார்க்க வந்தவனுக்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மழை விடும் முன்பே இறங்கி நடந்தாள்.

அந்த ஏரி கிடையாது.

சிவப்புப் புத்தகக்காரர்கள் இரண்டு வருஷமாக இவர்கள் கையேட்டைக் காற்புள்ளி மாறாமல் காப்பியடித்து, பாதி விலைக்கு விற்றார்கள். பதிப்பகத்தை நடத்தும் அவள் சித்தப்பா வக்கீல் நோட்டீஸ் விட்டார். பதில் என்ன வந்தது தெரியுமா? மலை எல்லாருக்கும் பொது, ஆறு எல்லாருக்கும் பொது, உயரமும் நீளமும் யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்று வந்தது. அதற்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை. அதனால்தான் போன வருஷம் ஆள் போகாத ஒரு மூலையில் சித்தப்பா தம் கையாலேயே வரைபடத்தில் ஓர் ஏரியை வைத்தார். அதையும் காப்பியடித்தால், இல்லாத ஏரியைச் சிவப்புப் புத்தகக்காரன் எங்கே போய் அளந்தான் என்று கேட்கலாம் அல்லவா? ஏரியைப் பற்றிக் கீழே மூன்று வரி எழுதியவள் அவள்.

அடுத்த திங்கட்கிழமை சிவப்புப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வருகிறது. அதில் ஏரி இருந்தால் திருடன் கையும் களவுமாக அகப்பட்டான். அதற்குள் விஷயம் கசிந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டிவிடுவான். இன்னொரு வருஷம் தாக்குப்பிடிக்கப் பதிப்பகத்துக்குத் திராணி இல்லை. அவள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்த பதிப்பகம். அப்பா போன பிறகு அதையும் அவளையும் ஒன்றாகத் தூக்கி நிறுத்தியவர் சித்தப்பா.

"மூணு கடிதம் வந்தது உண்மைதான்," என்றார் அவர், அவள் நடந்ததைச் சொன்னதும். "கிழிச்சுப் போட்டேன்."

"படிச்சீங்களா?"

"முதல் வரியிலேயே ஏரின்னு இருந்தது. அதுக்கு மேல என்ன படிக்கறது? அவங்க ஆள்தான், சந்தேகமே இல்லை. ஆள் பார்க்க எப்படி இருந்தான்?"

"நான் சரியா கவனிக்கலை சித்தப்பா."

பொய். இடது புருவத்தில் சின்னத் தழும்பு இருப்பதுவரை கவனித்திருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். முகம் கறுத்து, கால்சட்டை முழங்கால்வரை செம்மண்.

"ஏரி இல்லீங்க," என்றான். "முள்ளுக் காடு இருக்கு. ஒரு பாழுங்கிணறு இருக்கு. நீங்க பார்த்தேன்னு சொன்னீங்களே... நான்தான் வழி தப்பிட்டேனோன்னு நேத்து முழுக்க நடந்தேன்."

அவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தான். எதிரிக்குத் தண்ணீர் கொடுப்பதில் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ரேடியோவுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் பொது அறிவுப் போட்டி வருதே... அதுக்குக் கேள்வி எழுதறவன் நான். கடைசிச் சுற்றுல, கிழக்கு மாவட்டத்துல எத்தனை ஏரின்னு ஒரு கேள்வி. உங்க புத்தகத்தைப் பார்த்துத்தான் ஒண்ணுன்னு விடை எழுதினேன். ஒரு தபால்காரர் எழுந்து, 'அங்க ஏரியே கிடையாதுங்க, இருபது வருஷமா சைக்கிள்ல போயிட்டு வர்றேன்'னார். தப்புன்னு சொல்லிட்டோம். ஒரே மார்க்ல தோத்தார்."

"பரிசு என்ன?"

"ரயில்ல நாடு முழுக்க ஒரு சுற்று. ரெண்டு பேருக்கு, பதினஞ்சு நாள். அவர் சம்சாரம் அந்த ஊரைத் தாண்டினதே இல்லையாம். வர்ற ஞாயித்துக்கிழமை டிக்கெட்டை இன்னொருத்தர் கையில கொடுக்கப் போறாங்க. பழைய சிவப்புப் புத்தகத்தைப் புரட்டினேன், அதுல ஏரி இல்லை. உங்களுதுல இருக்கு. நான் எதைத்தான் நம்பறது?"

உள்ளேயிருந்து செருமிக்கொண்டே சித்தப்பா வந்தார். "வடக்குப் பாதையில போயிருக்கணும் தம்பி. தெற்கால போனா ஏரி கண்ணுல படாது."

அவன் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். "நீங்க சொல்லுங்க."

சொல்லிவிடேன் என்றது மனசு. சித்தப்பாவின் மை படிந்த விரல்களைப் பார்த்தாள்.

"வடக்குப் பாதைதான்," என்றாள்.

"அப்ப சனிக்கிழமை முதல் பஸ்ல மறுபடி போறேன்." வாசல்வரை போனவன் திரும்பினான். "அந்த மூணு வரி யாருங்க எழுதினது? 'இங்கே யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். கரையில் சும்மா உட்காரலாம். இருட்டும் முன் எழுந்தால் போதும்'னு... மனசு சரியில்லாத நாள்ல அதைத்தான் எடுத்துப் படிக்கறேன்."

அவள் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். அவன் போய்விட்டான்.

"நல்லாக் கதை கட்டறான்," என்றார் சித்தப்பா.

கதைதானோ? ரேடியோ நிலையத்துக்குப் போன் செய்தாள். கேள்வி எழுதுகிறவர்கள் யார் என்பதை வெளியே சொல்வதில்லை என்று வைத்துவிட்டார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், அவனுக்குச் சாதகமாகவும் இருக்கலாம். நம்ப வேண்டும் போல் இருந்தது... அதனாலேயே பயமாக இருந்தது. கண்ணைப் பார்த்து ஏமாந்தாள் என்று நாளைக்கு ஊர் சிரிக்காதா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா பூட்டை எடுத்தபோது சொன்னாள். "அவர் சொல்றது பொய்னா நாம தப்பிச்சோம். நிஜம்னா... அந்தத் தபால்காரருக்கு நாம என்ன பதில் சொல்றது?"

"நம்ம வாயாலேயே நம்ம வீட்டுக்குத் தீ வைக்கச் சொல்றியா? உங்கப்பன் கட்டினது இது."

"அப்பா இருந்திருந்தா ஏரியே வச்சிருக்க மாட்டார்."

சித்தப்பா முகம் சுண்டிப் போயிற்று. பெற்றவர்போல் வளர்த்தவரிடம் இப்படிப் பேசிவிட்டோமே...

"நாளைக்குக் காலையில போய்ச் சொல்லப் போறேன் சித்தப்பா. உங்களுக்குத் தெரியாம போக மனசு வரலை."

அவர் பூட்டிவிட்டு, அவளுக்காக நிற்காமல் நடந்தார்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் தூறல். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவன்.

"இறங்குங்க," என்றாள் மூச்சிரைக்க.

"என்னாச்சு?"

"இறங்குங்கன்னா இறங்குங்க."

இறங்கினான். பஸ் போய்விட்டது. ஏரி இல்லை என்பதிலிருந்து சிவப்புப் புத்தகம், திங்கட்கிழமை, சித்தப்பா என்று எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்கக் கேட்க அவன் கண்ணுக்குள் இருந்த அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று.

"வடக்குப் பாதைன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்க."

"சொன்னேன். நீங்க அவங்க ஆள்னு நினைச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் தெரியாது."

"தெரியாமலா வந்தீங்க?"

"தெரியாமத்தான் வந்தேன்."

அவன் தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தான். "வெறும் வாய்ப்பேச்சுக்கு ரேடியோவுல தீர்ப்பை மாத்த மாட்டாங்க. எழுதிக் கொடுங்க."

எழுதினாள். ஏரி கற்பனை, வைத்தவர்கள் நாங்கள். கையெழுத்தும் போட்டாள். திங்கட்கிழமைவரை வெளியே விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது? அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளி சாயங்காலத்திலிருந்து அவளிடம் பேசவில்லை. எதிர்க் கம்பெனிக்காரனும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரே ஒரு வரி போதும்... எல்லாம் முடிந்துவிடும்.

அறிவிப்பாளர், கேள்வி எழுதியவர் ஒரு வார்த்தை பேச விரும்புகிறார் என்றார். பிறகு அந்தக் குரல்.

"வணக்கம். தபால்காரர் சொன்ன விடைதான் சரி. பரிசு அவருக்கும் அவர் மனைவிக்கும் போகிறது. நேரில் போய்ப் பார்க்காமல் கேள்வி கேட்டது என் தவறு. என்னுடைய தவறு மட்டுமே. அவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். புத்தகத்தின் பெயர் வரவில்லை. பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

சித்தப்பா ரேடியோவை அணைத்தார். "அந்தப் பிள்ளை கடிதத்தையாவது நான் படிச்சிருக்கலாம்," என்றார். அவள் சமையலறைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை, புத்தகக் கடை திறந்த கையோடு வாங்கிய ஒரு புதுச் சிவப்புப் புத்தகத்துடன் அவன் ஆபீசுக்கு வந்தான். விரித்து மேஜைமேல் வைத்தான். ஏரி இருந்தது. மூன்று வரியும் இருந்தது, காற்புள்ளி மாறாமல். சித்தப்பா இரண்டு முறை படித்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வக்கீலுக்குப் போன் பண்ண உள்ளே ஓடினார்.

வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

"நான் எழுதிக் கொடுத்த கடிதம்?" என்றாள்.

"நிலைய அதிகாரி ஒருத்தர்தான் பார்த்தார். இன்னிக்கு வரைக்கும் மேஜைக்குள்ள வச்சிருங்கன்னு கேட்டுக்கிட்டேன். சரின்னார். ஆனா எனக்கு ரெண்டு மாசம் கேள்வி எழுத லீவு கொடுத்துட்டார்."

"எங்களாலதானே... எங்க பேரைச் சொல்லியிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லையே. ஏன் சொல்லலை?"

"நீங்க என்னை நம்பி வந்தீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"நம்பலை." தலையைக் குனிந்துகொண்டாள். "பொய் சொல்லக் கூடாது... நம்பிக்கையோட வரலை. நேத்து மத்தியானம் உங்க குரல் நிக்கற வரைக்கும் சந்தேகம்தான்."

அவன் முகம் வாடியது. "அப்ப தபால்காரருக்காக வந்தீங்க."

"பாதி அவருக்காக."

"மீதி?"

உள்ளே சித்தப்பா போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஊரையே கேள்வி கேட்கிறவளுக்கு இந்த ஒற்றைக் கேள்விக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. ஆனாலும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மறுபடியும் அந்த வெயில்ல... இல்லாததைத் தேடிக்கிட்டு நீங்க நடப்பீங்களேன்னு ராத்திரி முழுக்கத் தூங்கலை. திருடனாவே இருந்தாலும் கால் வலிக்குமேன்னு இருந்தது. என்ன பண்றது... நம்பறதுக்கு முன்னாடியே எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு."